இல்லாத மருமகனுக்கு ஒரு துட்டி

பசுவந்தனை,
கார்த்திகைக் கடைசி, 2007.

அன்பு மகள் சுதாராணிக்கு உன் அப்பா ராமசுப்பு எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன், உன் அம்மா இருக்கிறாள், மாடு இரண்டும் இருக்கின்றன. அங்கே நீயும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். முன்பெல்லாம் ஊர்ச் சங்கதி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்தான் மனசில் கிடப்பதைச் சொல்வேன். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு இல்லாத புருஷன் ஒருவனை உண்டாக்கி, அவனைக் கார் விபத்தில் சாகவும் வைத்து, கல்யாணமே ஆகாத உன்னைத் தாலியறுத்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். செய்தது உன் அண்ணன் இசக்கிமுருகன். யோசனை சொன்னது அவன் பெண்டாட்டி ரேணுகாதேவி. உண்மை தெரிந்தும் கூட உட்கார்ந்து அழுதது உன் அம்மா. அப்படியே இருக்கட்டும் அண்ணே என்று போனில் சொன்னது நீ. நாலு பேரும் சேர்ந்து செய்த அநியாயம் இது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது.

நீ செய்ததை நான் ஒத்துக்கொண்டேன் என்று இதை வைத்து நினைத்துவிடாதே. போன வருஷம் சித்திரையில் நீ போன் செய்து, அப்பா எனக்கு வயசு முப்பத்தேழு ஆகிவிட்டது, வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனிமேல் எனக்குக் கல்யாணம் வேண்டாம், ஆனால் ஒரு பிள்ளை வேண்டும், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்றாய். நீ நர்ஸாக இருக்கிற இங்கிலாந்தில் அதற்குக் காத்துக் கிடக்க வேண்டும், அதனால் கடல் தாண்டி டென்மார்க்குக்குப் போகப் போகிறேன், அங்கே புருஷன் இல்லாத பெண்களுக்கும் செய்கிறார்கள், விந்து கொடுத்தவன் யார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள் என்றாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் கட்டு சுமந்த காலத்தில் லேபிளில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவன். எனக்கு உன் வைத்தியம் விளங்கவில்லை, ஆனாலும் ஒரு கேள்வி கேட்டேன். பேச்சு வந்ததும் அந்தப் பிள்ளை என் அப்பா எங்கே என்று கேட்கும், அப்போது என்ன சொல்வாய் என்று கேட்டேன். உண்மையைச் சொல்வேன் என்றாய். கேட்கிற பிள்ளைக்குத் தாங்காத உண்மையைச் சொல்வதற்கு எதற்கடி ஒரு பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும்.

பேசவில்லையே தவிர எல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்வாய், நான் தொழுவத்துக்குப் போய் நிற்பேன். முதல் தடவை கரு தங்கவில்லை என்றும் இரண்டாவது தடவையும் தங்கவில்லை என்றும் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததைக் கேட்டேன். அந்தக் குளிர் ஊருக்குத் தனியாகப் போய், தனியாகப் படுத்து எழுந்து, தனியாகத் திரும்பி வந்து மறுநாள் டூட்டிக்குப் போனாய் என்று அவளே யாரிடமோ சொல்வதுபோல மாட்டைப் பார்த்துச் சொன்னாள். கோவில்பட்டி நூலகத்தில் இதைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன், குழந்தை வளர்ப்புப் புத்தகம்தான் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். மூன்றாவது தடவை தங்கிவிட்டது என்று செய்தி வந்த அன்றைக்கு உன் அம்மா கேப்பைக்கூழில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள், உப்புக்குப் பதிலாக. நான் குடித்தேன். எதற்கு இனிக்கிறது என்று கேட்கவில்லை.

ஐப்பசியில் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கூட வந்தது காமராஜ், என்னோடு தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்கினவன், உனக்குத் தெரியும். உன் அண்ணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வேலை இருக்கிறது என்றான். என்ன வேலை என்று திரும்பி வந்ததும் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணைப் பச்சைத் துணியால் மூடி மேலே கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் நாள் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு, ஒவ்வொரு அடிக்கும் செருப்பு கரிசலில் மாட்டிக்கொள்கிறது. நம் தெருமுனை திரும்பும்போது ஒப்பாரி கேட்டது. நம் வீட்டில் இருந்து. அண்ணாச்சி, நீங்க இங்கன நில்லுங்க, நான் பாத்துட்டு வாரேன் என்று காமராஜ் என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டுப் போனேன். வாசலில் வாடகைக்கு எடுத்த நாற்காலியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்கள். சாவு விசாரிக்கிற, துட்டி கேட்கிற கை. செத்தது யார் என்று தெரியாமலே ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு போனேன். உன் அம்மாதான் போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, அதுவும் அழுகையாக. சரி அவள் இல்லை. அப்படியானால் நீ. வாசல்படியில் இருந்து நடுவீட்டுக்கு எத்தனை அடி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அந்த இடத்தைக் கடக்கிற மட்டும் நீ செத்துப்போய்விட்டாய் என்றுதான் நான் நடந்தேன். இதை நீ மறக்கக்கூடாது. மற்றதை எல்லாம் நான் மறந்தாலும் இதை மறக்கமாட்டேன்.

உள்ளே போனால் நடுவீட்டில் நாற்காலி போட்டு அதன்மேல் ஒரு படம், படத்துக்குச் சம்பங்கி மாலை, முன்னால் விளக்கு. படத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டிருக்கிறான். உன் மாடத்தி அத்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏலே ராமசுப்பு, ஒம் மருமவன் மொகத்தக் கூடப் பாக்கக் குடுத்து வைக்கலையே, வயித்துப் பிள்ளக்காரியை விட்டுட்டுப் போயிட்டானே பாவி என்று என் தோளில் விழுந்து அழுகிறாள். எனக்கு மருமகனா, எப்போது என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் இசக்கிமுருகன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டான். யப்பா, ஒண்ணும் பேசிராதீய, எல்லாம் எம் மவ பொன்மணிக்காகத்தான் என்றான். உன்னோடு வேலை பார்க்கிற சங்கரன்கோவில் நர்ஸ் பெண் லீவில் வந்தவள் நீ உண்டாகியிருப்பதை யாரிடமோ சொல்லிவிட்டாளாம். அது சுற்றிக்கொண்டு எட்டயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பொன்மணிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு. பெண்ணோட அத்தைக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு என்று அவர்கள் ஆள் விட்டுக் கேட்டார்களாம். இவன் ரிஜிஸ்டர் கல்யாணம், வெள்ளைக்காரன் என்று சொல்லியிருக்கிறான். சரி, கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வருவாங்கல்ல, கண்ணாலயாவது பாப்போம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்ய, அதனால் கொன்றுவிட்டோம் என்றான். எனக்கு இவன் கிறுக்கனா என்று சந்தேகம் வந்தது. ஆனால் அவன் நிதானமாகத்தான் சொல்கிறான். உசுரோட இருக்கான்னா கூட்டிட்டு வாங்கம்பாங்க, செத்தவனை எவனும் கூட்டிட்டு வரச்சொல்ல மாட்டான்லாப்பா என்கிறான். பின்னாலேயே ரேணுகா வந்து நின்றுகொண்டு, மாமா, நீங்களே சொல்லுங்க, மாட்டாஸ்பத்திரி ஊசி போட்டுப் பிள்ள வந்துச்சின்னு ஊருக்காரிய சிரிக்கதுக்கு இது எவ்வளவோ தேவலை இல்லையா என்றாள். அவளை அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. மாட்டுக்குப் போடுகிற சினை ஊசியை நினைத்துப் பார்க்காத ஆள் இந்தக் கரிசலில் யாரும் இல்லை, அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு முழுக்க அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மருமகனைப் பற்றி என்னிடமே எனக்குச் சொன்னார்கள். தங்கமான குணமாம், இட்லி விரும்பிச் சாப்பிடுவானாம், தமிழில் வணக்கம் சொல்வானாம். எல்லாம் ரேணுகா சொல்லிக்கொடுத்தது. மறுநாள் காலையில் துணியை எடுத்துவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டபிறகு முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான். பல வருஷமாகப் புகை மூட்டமாகத் தெரிந்த உலகம் கழுவிவிட்டது போலத் தெரிகிறது, படத்தின் சட்டத்தில் இருக்கிற ஆணி கூடத் தெரிகிறது. அந்த ஆளின் இடது தோளில் ஒரு கை இருந்தது. கை மட்டும்தான், கைக்குரிய ஆளை வெட்டிவிட்டார்கள். துட்டிக்கு வந்த பொம்பளைகள் எல்லாம் அதை உன் கை என்று நினைத்து, பிடிச்ச கை பிடிச்சபடி இருக்கே என்று அதைச் சொல்லித்தான் ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். அது உன் கை இல்லை. சின்ன வயசில் தீக்குச்சிக் கட்டு பற்றிக்கொண்டு உன் வலது புறங்கையில் விழுந்த வடு எனக்குத் தெரியாதா. இது வெளுத்த கை, பழுப்புப் புள்ளி விழுந்த கை, விரலில் மோதிரம். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். போன கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படமாம், நீதான் அனுப்பினாயாம். அவன் பெயர் கிரகாம், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், தோளில் கை போட்டிருந்தது அவன் பெண்டாட்டி, நீ கடைசியில் நின்றாயாம். உன்னை வெட்டி, அவன் பெண்டாட்டியை வெட்டி, கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கண்ணோடு வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனாலும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் படம் பெரிதாக்கிக் கொடுத்த லிங்கராஜிடம் போனேன். அவன், அண்ணாச்சி, கையையும் அழிக்கத்தான் ஒங்க மகன் சொன்னாவ, கம்ப்யூட்டர்ல அழிச்சா சட்டை அசிங்கமா வருது, நல்லா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன் என்றான். அவன் மேல் என்ன கோபப்பட. உயிரோடு இருக்கிற ஒருவனுக்கு, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவனுக்கு, மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள் என் வீட்டில். அவன் அங்கே யாரையோ காப்பாற்ற வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். வந்ததும் துட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதே மாலையைக் கழற்றினேன், விளக்கை அணைத்தேன், இந்த ஆள் செத்துப்போகவில்லை, இவன் என் மருமகனும் இல்லை, என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் வைத்தியம் செய்து பிள்ளை உண்டாகியிருக்கிறாள், எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவளுக்கு யாரும் சாகவில்லை, எழுந்து போங்கள் என்றேன். மாடத்தி அத்தைதான் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எடு செருப்பை, அப்ப நான் எவனுக்குலே மாரடிச்சேன், தொண்டை கட்டிப்போச்சேலே என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் இந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு.

அன்றைக்குச் சாயங்காலமே உன் அண்ணன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். எட்டயபுரத்தில் இருந்து ஆள் வந்து பேச்சை முறித்துக்கொண்டு போனான். பொய் சொன்ன வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்றானா, உன் விஷயம் தெரிந்த வீட்டில் வேண்டாம் என்றானா, இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னான். பொன்மணி வண்டியில் ஏறும்போது நான் அவள் தலையைத் தொடப் போனேன், அவள் தலையை விலக்கிக்கொண்டாள். நல்ல கண்ணை வாங்கிக்கொண்டு வந்து முதலில் பார்த்தது ஒரு கை, இரண்டாவது பார்த்தது அந்தப் பிள்ளை தலையை விலக்கியது. தாத்தா உண்மையைச் சொன்னேன் என்று சொன்னால் அவளுக்கு அது சோறு போடுமா. இருந்தாலும் நான் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன்.

இதற்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. தகரப்பெட்டியில் என் கம்பளியைத் தேடும்போது அடியில் ஒரு புதுச் சேலை கிடைத்தது, வெளிறிய சாம்பல் நிறம், கரை இல்லாதது. கோடிச் சேலை. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டில் இருந்து போர்த்துகிற சேலை. நீ பிள்ளையோடு வந்து இறங்குகிற அன்றைக்குப் பொம்பளைகள் கூடி உனக்குப் போர்த்துவதற்காக உன் அம்மா தானே கடைக்குப் போய் எடுத்து வைத்திருக்கிறாள். பொய்க்கு எதற்கடி கோடி என்று கேட்டேன். பொய்யாவே இருக்கட்டும், முறைன்னு ஒண்ணு இருக்கில்லா, பொறந்த வீட்டுக் கோடி இல்லாம வந்தாள்னு என் பிள்ளயப் பேசுவாங்கல்லா என்றாள். உன் மேல் உள்ள பாசத்தில்தான் எடுத்திருக்கிறாள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். பையைப் பிரித்துப் பார்த்ததும் கடைக்காரன், அண்ணாச்சி, துட்டிச் சேலை உள்ள வரப்பிடாது, வெளிய கொண்டு போயிருங்க என்று எழுந்து நின்றுவிட்டான். வீட்டுக்குள் வைக்கவும் மனசு வரவில்லை. தெற்குப் புஞ்சையில் கம்பு பால் பிடிக்கிற பருவம், குருவி அடைகிறது. அந்தச் சேலையை அங்கே குருவி விரட்ட நிற்கிற பொம்மைக்குச் சுற்றிவிட்டு வந்தேன். நம் குடும்பத்தில் ஒருத்தி தாலியறுத்து நிற்க வேண்டும் என்றால் அவள் நிற்கட்டும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. நீ ஆவணியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும், வரும்போது பொட்டில்லாமல், பூ இல்லாமல், அண்ணன் சொன்ன மாதிரியே வருவதாகவும் அவனிடம் போனில் சொன்னாயாம். சம்மதிக்காவிட்டால் வீட்டுக்குள் விடமாட்டான் என்று பயந்தாயா, அம்மாவைப் பார்க்க வேண்டும், எந்த வேஷமானால் என்ன என்று நினைத்தாயா, எனக்குத் தெரியாது. நான் இத்தனை சொல்லியும் கேட்காமல், எனக்கு இதுதான் வேண்டும் என்று என்னிடம் நிமிர்ந்து நின்றவள் நீ. உன்னோடு நான் பேசவில்லை, ஆனால் உனக்குக் கழுத்து நிமிர்ந்துதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கழுத்தை நீயே போய் ஒரு பொய்க்குக் குனிந்து கொடுக்கிறாய். எனக்குக் கீழ்ப்படியாதவள் ரேணுகாவுக்குக் கீழ்ப்படிவாயா. தாலி கட்டாதவளுக்குத் தாலி எப்படி அறும். கன்னிப்பெண்ணுக்குப் பொட்டு உண்டு, பூ உண்டு, அதை எடுக்க எவனுக்கும் உரிமை கிடையாது, உன் அண்ணனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு அப்பன் படமாவது கிடைக்கும் இல்லையா என்று ரேணுகா கேட்டாள். யோசித்துப் பார். அந்தப் பிள்ளை லீவுக்கு வரும்போதெல்லாம் கிரகாம் படத்துக்கு முன்னால் கைகூப்பும். அவனைப் போல எனக்கு மூக்கு இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கும். ஒருநாள் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த ஆளே வண்டியை விட்டு இறங்கி வருவான். அப்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும். கொடுத்தவன் யார் என்று தெரியாது என்பது எனக்குப் பிடிக்காத உண்மை. கிரகாம் செத்தான் என்பது பொய். எனக்குப் பிடிக்காததோடு என்னால் இருக்க முடியும், ஒன்றரை வருஷமாக இருந்துகொண்டுதானே இருக்கிறேன். உண்மையைச் சொல்வேன் என்று அன்றைக்கு எனக்குச் சொன்னாயே, அதை நான் அப்படியே பிடித்து வைத்திருக்கிறேன். அதில் இருந்து நீ இறங்கக்கூடாது.

மற்றபடி இங்கே மழை கொஞ்சம் தாராளமாகவே பெய்தது, உளுந்து பூவெடுக்கிற நேரத்தில் பெய்து பூவெல்லாம் கொட்டிவிட்டது. பருத்தி பரவாயில்லை. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டு மாட்டிடம் போய், சாப்பிடச் சொல்லு என்கிறாள். நடுவீட்டில் ராத்திரி விளக்குப் போடுவதில்லை. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை, ஆனாலும் ஏழாம் மாசத்தில் ராத்திரி டூட்டி வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொள். வழுக்குகிற பனியில் நடக்காதே. பக்கத்தில் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒரு ஆளை ஏற்பாடு செய்து வைத்துக்கொள், வலி வந்த பிறகு போனைத் தேடிக்கொண்டிருக்காதே. அந்த ஆம்புலன்ஸ்காரனே நல்லவனாக இருந்தால் அவனிடமே சொல்லி வை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று. கிரகாமிடமும் அவன் பெண்டாட்டியிடமும் நீ நேரில் போய், எங்கள் வீட்டில் உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள், என் அப்பா கழற்றிவிட்டார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர்கள் சிரித்தாலும் திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். லிங்கராஜ் அந்தப் படத்தை வெட்டாமல், அவனும் அவன் பெண்டாட்டியும் நீயும் சேர்ந்து நிற்கிற முழுப் படமாகப் போட்டுத் தர வேண்டும், சொல்லிவிட்டேன், அது நடுவீட்டில் மாலை இல்லாமல் தொங்கும், இது யார் என்று உன் பிள்ளை கேட்டால் அம்மாவோடு வேலை பார்க்கிறவர் என்று சொல்வோம். இசக்கிமுருகன் துட்டிக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நான் சொன்னது பொய் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும், நான் சொன்னது போதாது, பொய்யைச் சொன்ன வாயே எடுக்க வேண்டும். அதன்பிறகு பிள்ளைக்கு மொட்டை போடும்போது நம் குலசாமி சாஸ்தா கோயிலில் தாய்மாமனாக அவன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், அப்பன் வழிக் கோயில் எது என்று எவனாவது கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான். ரேணுகா தன் வாயைக் கட்ட வேண்டும். பொன்மணிக்கு வேறு இடம் பார்க்க வேண்டியது நானும் காமராஜும், முழுச் சங்கதியையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பார்ப்போம், தை பிறந்ததும் கிளம்புகிறோம், செருப்புத் தேய்ந்தாலும் சரி. உன் அம்மா உன் பழைய சேலையில் ஒன்றை எடுத்துத் தொட்டிலுக்குத் துவைத்து வைக்க வேண்டும், இதை மாட்டிடம் சொல்லியிருக்கிறேன், அவள் காதிலும் விழுந்திருக்கும். நீ சென்னையில் இருந்து ராத்திரி ரயிலில் ஏறு. கோவில்பட்டி வருவதற்கு முன்னால் எழுந்து, முகம் கழுவி, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும், பிளாட்பாரத்தில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி. பூ வாங்கிக்கொண்டு அங்கே நிற்க வேண்டியது நான். உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே, எதற்கடி ஒரு பிள்ளை என்று அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் நீ எனக்குப் பதில் சொல்லவில்லை. பூவை உன் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வேன். பொட்டில்லாமல் இறங்கினால் இரண்டையும் செய்யமாட்டேன்.

தாயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாகப் பிழைத்துக் கிடக்க வேண்டும். சேதி வந்ததும் பெண்ணா ஆணா என்று அம்மாவிடம் சத்தமாகச் சொல், தொழுவம் வரைக்கும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் சம்மதிக்காத உன் அப்பா,
ராமசுப்பு.